நூறு கோடியே ஏழு

சாக்பீஸ் பலகையில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம், கரக், கரக் என்று, லைன் வீடுகள் பதினொன்றிலும் விளக்கணைந்து வெகுநேரமான பிறகு செலஸ்டினாவின் வாசல்கதவுக்கு வெளியே கேட்டது. முதலில் அவள் அதை எலி என்று நினைத்தாள், பிறகு திருடன் என்று நினைத்தாள், பிறகு எலி பிடிக்க வந்த திருடன் என்று நினைத்தாள், ஏனென்றால் பயந்தவள் மனசுக்கு எதையும் எதோடும் சேர்த்துக் கட்டத் தெரியும். நான்கு மாதக் குழந்தை அமலி அவள் இடுப்போடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. அன்றைய முறைக்குத் துணைக்குப் படுக்க வந்திருந்த எதிர்வீட்டுச் செண்பகவடிவு, பணியாரம் சுட்டு விற்கிறவள், வாசலுக்குக் குறுக்கே படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"யக்கா, யாரோ கதவுல எழுதுறாங்க."

"பெருச்சாளி தாயி, படு," என்று சொல்லிவிட்டு அவள் புரண்டுகொண்டாள்.

பெருச்சாளி இல்லை என்று செலஸ்டினாவுக்குத் தெரியும். கான்வென்ட்டில் பத்து வருஷம் முன்பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு எழுதுகிற சத்தத்தை வைத்தே எழுத்தைச் சொல்ல முடியும். கோடு இழுக்கிற சத்தம் வேறு, சுழிக்கிற சத்தம் வேறு. இது முதலில் ஒரு கோடு இழுத்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எட்டு முறை சுழித்தது. கடைசியில் மேலே ஒரு படுக்கைக்கோடு போட்டு, அதிலிருந்து சாய்வாக ஒரு கோடு இறக்கி, நின்றது. ஒன்று, எட்டுப் பூஜ்யம், ஏழு. அவள் மாதாவை வேண்டி மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு, அமலியின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். அது அவள் இரவில் முப்பது நாற்பது தடவை செய்கிற வேலை.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, ஆனால் அவள் போடுவதில்லை. புருஷன் மரியநேசன் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு நாக்பூருக்கு லாரி ஓட்டுகிறவன். அங்கே இறக்கியதும் ராய்ப்பூருக்கு லோடு கிடைக்கும், ராய்ப்பூரில் இறக்கியதும் வேறெங்காவது கிடைக்கும். போனில் பேசும்போதெல்லாம், "செலஸ்டி, கதவைத் தாழ் போட்டுக்கோ," என்பான். இவளும் "ம்" என்பாள். போட்டுக்கொண்டு உள்ளே மயங்கி விழுந்தால் பிள்ளையை எடுக்க யார் வருவார்கள்? பிள்ளைக்கு ஏதாவது ஆகி, இவள் கை நடுங்கி, தாழ் திறக்க வராமல் போனால்? திருடன் வந்தால்கூட பரவாயில்லை, திருடனும் ஒரு ஆள்துணைதானே என்று நினைக்கிற அளவுக்கு அவளுக்குத் தனிமை பயம். அதனால் லைன் வீட்டுப் பெண்கள் முறைபோட்டுத் துணைக்கு வந்து படுத்தார்கள். தாழ்ப்பாள் மூன்று முறை வெள்ளையடித்த சுண்ணாம்பில் ஒட்டிக் கிடந்தது.

விடிந்ததும் கதவில் அந்த எண் இருந்தது. 1000000007. அழகான கையெழுத்து, பூஜ்யங்கள் எட்டும் ஒரே கோழி இட்ட முட்டைகள் மாதிரி இருந்தன.

கரிசல்பேட்டையில் கதவில் எண் எழுதுவது புதுசு இல்லை. போலியோ சொட்டுமருந்துக்காரர்கள் எழுதுவார்கள், மக்கள்தொகை எடுக்கிறவர்கள் எழுதுவார்கள். அதனால் ஊர் பதறவில்லை, விளக்கம்தான் தேடியது. ஆக்கிரமிப்பு என்று இடிக்கப் போகிறார்கள் என்றது ஒரு கட்சி. ரேஷன் கார்டு மாற்றப் போகிறார்கள் என்றது இன்னொன்று. பத்து இலக்கம் இருக்கிறதே, செல் நம்பர்தான் என்று சொல்லித் தெருமுனைத் தையல்காரர் சிக்கந்தர் டயல் செய்து பார்த்தார். ஒன்றில் ஆரம்பிக்கிற செல் நம்பர் கிடையாது என்று செலஸ்டினா சொன்னதைக் கேட்காமல் நான்கு தடவை செய்தார். தண்ணீரில் அழியவில்லை. மண்ணெண்ணெயில் அழியவில்லை. புளி போட்டுத் தேய்த்ததில் கதவு பளபளத்தது, எண் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"இது எவ்வளவு தாயி?" என்று செண்பகவடிவு கேட்டாள்.

"நூறு கோடியே ஏழு."

"ஆத்தாடி. இத்தனை பணியாரம் ஊத்தணும்னா என் ஏழு குழிச் சட்டியில எத்தனை ஈடு ஊத்தணும்?"

கணக்கு என்று கேட்டுவிட்டால் செலஸ்டினாவால் சும்மா இருக்க முடியாது. சும்மா இருந்தவர்களின் விரல்முட்டியில் கான்வென்ட்டின் கணக்கு டீச்சர் சிஸ்டர் பெனிஞ்ஞா ஸ்கேலால் தட்டியது அப்படி. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "பதினாலு கோடியே இருபத்தெட்டு லட்சத்து ஐம்பத்தேழாயிரத்து நூத்தி நாப்பத்து மூணு ஈடு. மிச்சம் ஆறு."

வீட்டுக்குள்ளிருந்து ஆறு பணியாரம் உருண்டு வந்து, வாசல்படி தாண்டி, செண்பகவடிவின் காலடியில் நின்றது. ஆவி பறந்தது.

செண்பகவடிவு ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டாள். "ஏலக்காய் கம்மி," என்றாள். அவ்வளவுதான் அவள் பட்ட ஆச்சரியம்.

அன்று பொழுது சாய்வதற்குள் விஷயத்தின் நியாயம் ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த எண்ணை எதால் வகுத்தாலும் மிச்சம் வருகிறது. மிச்சம் எவ்வளவோ அவ்வளவு பொருள் செலஸ்டினா வீட்டு அறைக்குள்ளிருந்து படிதாண்டி வருகிறது. வகுக்கச் சொல்கிறவர் எந்தத் தொழிலோ அந்தத் தொழிலின் பொருளாக வருகிறது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனசுக்குள் வகுத்தால் எதுவும் வராது. செல்போன் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினால் அந்த எண் மதிப்பதில்லை. ஊரில் இவ்வளவு பெரிய எண்ணைத் தப்பில்லாமல் வாயால் வகுக்கிறவள் செலஸ்டினா ஒருத்திதான். அவளுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது.

சிக்கந்தர் வந்தார். "தங்கச்சி, சட்டைக்கு எட்டுப் பொத்தான். வகுத்துச் சொல்லும்மா."

"பன்னிரண்டரைக் கோடி சட்டை, மிச்சம் ஏழு பொத்தான், அண்ணே."

ஏழு பொத்தான் டக்டக்கென்று குதித்து வந்தது. சிக்கந்தர் எண்ணிப் பார்த்து முகம் சுளித்தார். "ஒண்ணு குறையுதே?"

ஒன்று குறைந்தது. பன்னிரண்டால் வகுக்கச் சொன்னார், பதினொன்று வந்தது. இருபத்து நாலால் வகுக்கச் சொன்னார், இருபத்து மூன்று. எழுபத்திரண்டால் வகுத்தால் எழுபத்தொன்று. அந்த எண் கை நிறையக் கொடுக்கும், கடைசி ஒன்றை மட்டும் கொடுக்காது, கல்யாண வீட்டில் தாம்பூலப்பை கொடுக்கிற மாமியார் மாதிரி. ஒரு வாரத்தில் ஊர் ஆண்கள் எல்லாரும் ஒரு பொத்தான் இல்லாத சட்டை போட்டு நடந்தார்கள். இரண்டாவது வாரத்தில் எல்லாப் பொத்தானும் உள்ள சட்டை போட்டவனை வெளியூர்க்காரன் என்று நாய் குரைத்தது. செண்பகவடிவு பன்னிரண்டு குழிச் சட்டி வாங்கி, பதினொன்று ஊற்றி, ஒரு குழியைச் சும்மா விட்டாள். கேட்டால் "அது நம்பருக்கு" என்றாள். ஐந்தாம் எண் ராசி கெட்டது என்று ஒதுக்கப்பட்டது, ஐந்தால் வகுத்த பூக்காரிக்கு இரண்டே முழம் வந்ததால். பத்தும் நூறும் ஆயிரமும் அதைவிட மோசம், எவ்வளவு வகுத்தாலும் ஏழுதான். பெரிய மனிதர் வீட்டு விருந்து மாதிரி பேர்தான் பெரிசு என்றார்கள். வாசலில் கயிறு கட்டி வரிசை போட்டார்கள். துணைக்கு வந்து படுக்கிற முறைக்குத் திடீரென்று அடிதடி, ஏனென்றால் உள்ளே படுத்தவளுக்கு விடிந்ததும் முதல் வகுத்தல். துணைக்கு ஒருத்தி படுத்த அறையில் ஒன்பது பேர் படுத்தார்கள். ராத்திரியில் அமலி அழுதால் ஒன்பது பேர் எழுந்து ஒன்பது வைத்தியம் சொன்னார்கள், செலஸ்டினா பத்தாவதாக அழுதாள்.

சிஸ்டர் பெனிஞ்ஞா கேள்விப்பட்டு, ரிட்டயர் ஆன காலோடு குடை ஊன்றி வந்தார். கதவைப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலி கேட்டார். நாற்பது பக்க நோட்டு ஆறு வாங்கிவரச் சொல்லி, மூன்று வாரம் தினம் காலையில் வந்து உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், மனசுக்குள்ளும் நோட்டிலுமாக வகுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று ஆரம்பித்து முப்பத்தோராயிரத்துச் சொச்சம் வரைக்கும், நடுவில் தேவையில்லாததைத் தள்ளி, மூவாயிரத்துக்கு மேற்பட்ட எண்களால். மூன்றாவது வாரக் கடைசியில் பேனாவை மூடினார்.

"பகா எண்," என்றார்.

"அப்படீன்னா சிஸ்டர்?" என்றாள் செண்பகவடிவு.

"எதாலும் மிச்சமில்லாமல் வகுபடாது. ஒன்றாலும் தன்னாலும் மட்டும்தான் வகுபடும்."

"ஒன்றால வகுக்கிறதும் ஒரு வகுத்தலா? ஒத்தையில சாப்பிடுறவ இலை போட்டுப் பங்கு வச்ச மாதிரி."

"அது பங்கே இல்லதான்," என்று சிஸ்டர் ஒத்துக்கொண்டார். "அதனால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது." மிஞ்சாது என்றதும் சுற்றி நின்ற எல்லாருக்கும் அந்த விஷயத்தில் அக்கறை போய்விட்டது. சிஸ்டர் கிளம்பும்போது செலஸ்டினாவின் தோளில் கிடந்த அமலியைப் பார்த்து, "தூங்குகிறாயா பிள்ளை?" என்றார். கேட்டது குழந்தையை இல்லை என்பது செலஸ்டினாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "இல்ல சிஸ்டர்," என்றாள். சிஸ்டர் போய்விட்டார்.

ஒரே ஒரு வகுத்தலை மட்டும் செலஸ்டினா வாய்விட்டுச் சொன்னதே இல்லை. முதல் ராத்திரியிலேயே, எழுதுகிற சத்தம் நின்றதுமே, மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டாள்: இந்த வீட்டில் நானும் பிள்ளையும் இரண்டு பேர், இரண்டால் வகுத்தால் மிச்சம் ஒன்று. யார் அந்த ஒன்று? பிள்ளை போய் நான் மிஞ்சுவதா, நான் போய்ப் பிள்ளை மிஞ்சுவதா? இப்போது பணியாரத்துக்குப் பணியாரம் வருகிறது, பொத்தானுக்குப் பொத்தான் வருகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன வரும்? அதனால் யாராவது இரண்டு என்று ஆரம்பித்தாலே அவள் பிள்ளைக்குப் பசி என்று உள்ளே ஓடிவிடுவாள். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானே, நீயும் ஒரு வாய் சாப்பிடு," என்று செண்பகவடிவு சோற்றைப் பிசைந்து நீட்டும்போதுகூட, வேறதானே என்ற சொல்லைக் கேட்டதும் அவள் அந்தக் கையை விலக்கிவிடுவாள். வேறு வேறு என்றால் இரண்டு. இரண்டு என்றால் மிச்சம் ஒன்று.

இந்த நேரத்தில்தான் கவுன்சிலர் பட்டுராஜன் வந்தார். அவருக்கு வார்டில் ஆயிரத்தொரு ஓட்டு, ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளை. முதலில் கவுன்சிலராக வகுத்தார். ஆயிரத்தொன்றால் வகுத்தால் எப்படியும் ஆயிரம் தேறும் என்று ஆள் அம்போடு வந்து நின்றார். செலஸ்டினா கண்ணை மூடித் திறந்து, "மிச்சம் ஆறு," என்றாள். ஆறு பொன்னாடை மடிப்புக் கலையாமல் வந்து விழுந்தது. ஆறையும் அவரே அவருக்குப் போர்த்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்கப் போனார். வீட்டில் இன்ஜினியரிங் படித்த மருமகன், "மாமா, பெருசா மிஞ்சணும்னா பாதிக்குக் கொஞ்சம் மேல வச்சு வகுக்கணும். ஐம்பது கோடியே நாலால வகுங்க, ஐம்பது கோடியே மூணு மிஞ்சும்," என்று சொல்லிக்கொடுத்தான். இந்தக் கணக்குக்குச் செலஸ்டினாகூட வேண்டாம், ஒரு கழித்தல்தான். கவுன்சிலர் மூன்று நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கும்மா," என்று வந்து சொன்னார். "இந்தத் தடவை சூளைக்காரனா வகுக்கிறேன். செங்கல்."

செலஸ்டினா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள். "ஐயா, எல்லாம் என் வீட்டுக்குள்ள இருந்துதானே வரும்? ஐம்பது கோடிச் செங்கல்லு."

"பிள்ளையத் தூக்கிட்டு ஒரு அரைமணி நேரம் வெளிய நில்லும்மா."

"வீடு?"

"வீடு போனா என்ன? அதான் செங்கல் கிடைக்குதே!"

சுற்றி நின்றவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சிக்கந்தர் மட்டும், "பதினோரு லாரி வருதாம், பத்துமா தங்கச்சி?" என்று கேட்டார். லாரிக்கு நாலாயிரம் கல் என்றால் ஒன்றேகால் லட்சம் நடை அடிக்க வேண்டும், அதற்குள் லைன் வீடு, தெரு, கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் கல்லுக்கு அடியில் போய்விடும் என்று செலஸ்டினா சொன்னாள். "நிதானமா ஏத்திக்கலாம்," என்றார் கவுன்சிலர். "மாடி கட்டிக்கலாம் தாயி," என்றாள் செண்பகவடிவு ஆசையாக, எந்த வீட்டின் மேல் என்று யோசிக்காமல். மரியநேசன் அன்றைக்கு ராய்ப்பூரிலிருந்து பேசினான். "ஐம்பது கோடியா? நல்லாக் கேட்டியா?" என்றான். பிறகு பழக்கதோஷத்தில், "எதுக்கும் கதவைத் தாழ் போட்டுக்கோ," என்றான். "எந்தக் கதவை?" என்றாள் அவள், வழக்கமான "ம்" என்பதற்குப் பதிலாக.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினோரு மணிக்குத் தெருவில் பந்தல், மைக்செட், லாரிகள், ஒரு பொத்தான் குறைந்த சட்டையில் மொத்த ஊர். அறையில் படுத்திருந்த ஒன்பது பேரும் முந்தியடித்து வெளியே போய் இடம் பிடித்துவிட்டார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வீட்டுக்குள் செலஸ்டினாவும் அமலியும் மட்டும் இருந்தார்கள். பையில் துணியும் பால்பொடி டின்னும் எடுத்துவைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து அமலி பசிக்கு வீறிட்டது. அவள் அப்படியே கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

வெளியே கவுன்சிலர் உடனே வகுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆனால் கையில் மைக் இருந்தது. மேடையில் வீற்றிருக்கும் என்று ஆரம்பித்து, வீற்றிருக்காதவர்களையும் விளித்து, தான் ஆறு பொன்னாடை பெற்ற வரலாற்றைச் சொல்லி, செங்கல் என்பது வெறும் செங்கல் அல்ல என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அமலி குடித்தது. கண்ணை மூடி, ஒரு கையால் தாயின் சேலை நூலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டே குடித்தது. செலஸ்டினா வழக்கம்போல மூச்சு வருகிறதா என்று விரலை வைக்கப் போனாள். விரல் வைக்க இடமில்லை, மூக்கு அவள் மார்போடு பதிந்திருந்தது. மூச்சு சுட்டது. யார் மூச்சு என்று பார்த்தாள். இவள் இழுக்கும்போது அது ஏறியது, இவள் விடும்போது அது இறங்கியது. வாயும் வயிறும் வேறு என்றால், இதோ இந்த வாய் போகிற வயிறு யாருடையது? இந்த வயிற்றில் இருந்ததுதானே அந்த வாய்? இரவு இரவாகத் தான் தப்பாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. சிஸ்டராக இருந்தால் விரல்முட்டியில் ஒன்று போட்டிருப்பார்.

வெளியே, "ஆகவே, நூறு கோடியே ஏழை..." என்றது மைக்.

செலஸ்டினா பிள்ளையைப் பிடுங்காமல், குடிக்கக் குடிக்க ஒரு கையில் ஏந்திக்கொண்டு எழுந்து, காலால் கதவைச் சாத்தி, அதன் பலகையில் வாயை வைத்து, கான்வென்ட்டில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்:

"நூறு கோடியே ஏழு. இந்த வீட்டுல இருக்கிறது ஒன்று. ஒன்றால் வகுத்தால் ஈவு நூறு கோடியே ஏழு. மிச்சம் இல்லை."

அறைக்குள் ஒரு பொருளும் உருளவில்லை. கதவின் வெளிப்பக்கம் மட்டும் மாவு சலிக்கிற மாதிரி மெல்லிய ஒரு சத்தம்.

"...ஐம்பது கோடியே நாலால் வகுத்தால் மிச்சம் ஐம்பது கோடியே மூணு!" என்று கவுன்சிலர் முடித்தார். பதினோரு லாரிக்காரர்களும் பின்கதவைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி சொன்னார். மைக் கூவியது. மூன்றாவது தடவை நாலை மூணாக மாற்றிப் பார்த்தார்.

"நம்பரே காணோமே!" என்று சிக்கந்தர் கத்தினார். கதவுக்குக் கீழே படியில் வெள்ளைப் பொடி ஒரு பிடி கிடந்தது, கோலப்பொடி சிந்தின மாதிரி. முழுசாக வகுபட்ட எண்ணுக்கு அதற்குமேல் அங்கே நிற்க வேலை இல்லை.

தடதடவென்று கதவு தட்டப்பட்டது. "ஏ செலஸ்டி!" செண்பகவடிவின் குரல். "என்னத்தடி சொல்லித் தொலைச்ச? யாரால வகுத்த?"

"ஒன்றால யக்கா."

"எந்த ஒன்று? உள்ள ரெண்டு பேருல்ல இருக்கீக?"

"நல்லா எண்ணிட்டேன் யக்கா. ஒன்றுதான்."

வெளியே லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சிக்கந்தர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டு, எட்டாவது பொத்தானுக்கு இனி கடைக்குப் போகவேண்டியதுதான் என்று யாரிடமோ சொன்னார். செண்பகவடிவு மட்டும் போகவில்லை. அவள் குரல் கதவுக்கு மிகப் பக்கத்தில், இந்தத் தடவை தணிந்து வந்தது.

"சரி தாயி, போனது போகுது. ராத்திரி துணைக்கு யார வரச் சொல்லட்டும்? நான் வரட்டுமா?"

செலஸ்டினா அமலியைப் பார்த்தாள். பால் ஒரு சொட்டு அதன் கன்னத்தில் வழிந்து இவள் மணிக்கட்டில் இறங்கியது.

"காலையில வாங்கக்கா. ஏலக்காய் தூக்கலாப் போட்டு நாலு பணியாரம் கொண்டாங்க. ராத்திரிக்கு யாரும் வேண்டாம்."

"பட்டப்பகல்ல கதவைச் சாத்திட்டுப் பேசுறா பாரு," என்று செண்பகவடிவு தெருவைப் பார்த்து முறையிட ஆரம்பிக்கும்போது, உள்ளே செலஸ்டினா, சுண்ணாம்பில் ஒட்டிக் கிடந்த தாழ்ப்பாளை முழங்கையால் ஒரு இடி, இரண்டு இடி, மூன்றாவதாக ஒரு இடி இடித்து, சுண்ணாம்பு பொரபொரவென்று உதிர, தள்ளித் தாழ் போட்டாள்.